கேலன் வலப்பக்கம் போன ஆட்டம்

ஷோன்வீஸ், கான்சாஸ்
மார்ச் 8, 1987, ஞாயிறு பிற்பகல்

கர்த்தருக்குள் அன்பான மகள் மார்லிசுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும், மாடு கன்றுகளும் சுகம், பனிக்கு ஓடை உறைந்தும் தேவகிருபையால் கிணற்றுக் குழாய் உறையவில்லை, நீயும் கடல் தாண்டி அந்த வெயில் தேசத்து மருத்துவமனை வேலையில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். பெப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் சமையலறை மேசையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. மேசைத் தலைப்பில் உன் அப்பா, ஜன்னல் பக்கம் உன் தம்பி கேலன், அவனுக்கு எதிரே லிண்ட்வால் கல்லூரிப் பையன்கள் இருவர், ஒருவன் கர்ட்டிஸ் பெட்டிஃபோர்ட், மற்றவன் ஆண்டர்ஸ் ஃபோர்ஸ்கிரென், உன் நாற்காலியில் அடுத்த பண்ணை வெல்டா அக்கா, அடுப்புப் பக்கம் நான். ஆம், லிண்ட்வால்தான், படித்தது சரிதான். நம் கல்லூரியைக் கூடைப்பந்தில் வருஷா வருஷம் அழவைக்கும் அதே லிண்ட்வால் பையன்கள் இருவர் நம் மேசையில் உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை அவர்களுக்குத் தெற்கே ஒரு கல்லூரியோடு ஆட்டம், சனிக்கிழமை சாயங்காலம் நம்மோடு நம் ஊரிலேயே ஆட்டம், நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்பலாம் என்று வெள்ளிக்கிழமை கிளம்பியவர்கள் மத்தியானப் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் பேருந்து நம் ஊர்த் தானியக் கிடங்கோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் சாலை எது வயல் எது என்று தெரியவில்லை. போதகர் வீட்டுக்கு வீடு தொலைபேசியில் கூப்பிட்டார், பெண்கள் சங்கத்தில் ஒருத்தி விடாமல் எல்லோரும் சரி என்றோம், வீட்டுக்கு இருவர் என்று பங்கிட்டுக்கொண்டோம். நமக்கு யார் வந்தார்கள் என்று அவர்கள் காலணியைக் கழற்றிப் பெயர் சொன்னபோதுதான் தெரிந்தது. ஆண்டர்ஸ் நல்ல ஆகிருதியான பையன், கோதுமைப் பண்ணைக்காரன், வாசலில் குனிந்துதான் வந்தான். கர்ட்டிஸ் கான்சாஸ் சிட்டிக்காரன், மெலிந்த உடம்பு, நீளமான கை, மறுநாள் ஆட்டத்தில் கேலனை மறித்து நிற்கப்போகிறவன் அவன்தான். இதைக் கேலன் என் காதில் வந்து சொன்னான். இப்போது சொல்லி என்ன செய்ய, பையன் உள்ளே வந்து கை கழுவிக்கொண்டிருந்தான்.

அது என்ன ஆட்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பாடு புரியாது. நம் கூட்டமைப்பில் ஒன்பது கல்லூரி அல்லவா, இந்த வருஷம் கடைசி ஆட்டம் வரைக்கும் நாமும் லிண்ட்வாலும் சரிசமம். ஜெயிக்கிறவர்களுக்கு முதலிடம், அடுத்த செவ்வாய்க்கிழமை மாவட்டப் போட்டிக்குப் போகலாம். தோற்கிறவர்களுக்கு அன்றோடு சரி. கேலனுக்கு இது கடைசி வருஷம். ஊரெல்லாம் இதைப் பற்றியே பேச்சு, மளிகைக் கடையில் முட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது கூட இதே பேச்சு. ஆனால் என் கவலை கோப்பை இல்லை மார்லிஸ். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பால் கறந்துவிட்டு வந்து அப்பா அவனிடம் பண்ணையைப் பற்றிக் கேட்டார், அவர் கேட்கிற விதம் உனக்குத் தெரியும், சுவரைப் பார்த்துக்கொண்டு, வர்ற வருஷம் மேற்கு வயலில் என்ன போடலாம் என்று நினைக்கிறாய் என்றார், அவ்வளவுதான். கேலனும் புரிந்துகொண்டான். "கடைசி ஆட்டம் முடியட்டும்ப்பா, அன்னைக்கே உங்களுக்குப் பதில் சொல்லிடறேன்" என்றான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இங்கேயே இருப்பான் என்றால் அதை அன்றே சொல்லியிருக்கலாமே, பதிலை ஒருவன் தள்ளிப்போட்டால் அது என்ன பதில் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. அதனால் அவன் ஆடிக்கொண்டிருக்கிற வரைக்கும் என் பிள்ளை என் வீட்டில் இருக்கிறான் என்று எனக்கு ஒரு கணக்கு. விளையாட்டுக்காக ஜெபம் செய்வது தகாது என்று நம் சபையில் சொல்வார்கள், நானும் அப்படியே இருந்தவள்தான், இந்தக் குளிர்காலத்தில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் ஆண்டவரே இன்னும் ஒரு ஆட்டம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தோற்கிற அணியிலும் ஒரு தாய் உண்டே என்று பிறகு தோன்றும், அவளுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொள்வேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆட்டம் என்ன கண்டேன். கேலன் கல்லூரி அணியில் சேர்ந்ததும் அவன் மேசையில் கிடந்த விதிப் புத்தகத்தை எடுத்துத் துணி மடிக்கும்போது பக்கம் பக்கமாகப் படித்தேன், இப்போது நடுவர் கை தூக்குமுன் எனக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வருஷம் களத்தில் புதிதாக ஒரு வளைகோடு போட்டிருக்கிறார்கள், அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி. உன் அப்பாவுக்கு அது ஒப்பவில்லை. தூரத்தில் நின்று எறிகிறவனுக்குக் கூடுதல் கூலியென்றால் மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார். ஆனால் அந்தக் கோடு நம் பையனுக்காகவே போட்டதுபோல் ஆகிவிட்டது. இடது மூலையில் நின்று அவன் போட்டால் பத்தில் நான்கு ஐந்து தப்பாமல் விழும். பந்தை வாங்குவான், இடப்பக்கம் இரண்டு தட்டு தட்டுவான், நிற்பான், போடுவான். எல்லா ஆட்டத்திலும் அதேதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பாலாடைக்கட்டி வைத்து மடித்த வெரெனிகே, மேலே பன்றி இறைச்சிக் குழம்பு, காலையில் சுட்ட ட்ஸ்விபாக் பன், போன கோடையில் போட்டுவைத்த பிளம் பழக் கூழ். ஆண்டர்ஸ் சாப்பிட்டதைப் பார்த்து வெல்டா அக்கா, தம்பி, உங்கள் வீட்டில் உன்னை வயலில் கட்டி மேய்ப்பார்களா என்று கேட்டார், அவன் வாய் நிறைய ஆமாம் என்றான். அன்றைய மாவும் வெண்ணெயும் எந்தத் தலைப்பில் எழுதுவது, என் வீட்டுக் கணக்கில் அதற்கு இடமே இல்லை, கடைசியில் காணிக்கை என்று எழுதிவைத்தேன். சாப்பாட்டுக்கு முன் நாம் நான்கு குரலில் ஸ்தோத்திரம் பாடுவோமே, நீ போனதிலிருந்து அதில் கீழ்க்குரலுக்கு உன் அப்பா மட்டும்தான், இரும்பு வாளியில் கல்லைப் போட்டதுபோல் இருக்கும். அன்று இரண்டாவது வரியில் இன்னொரு கீழ்க்குரல் வந்து சேர்ந்தது. கர்ட்டிஸ். அவன் அவர்கள் சபையில் சின்ன வயதிலிருந்தே பாடகர் குழுவாம், பாட்டு தெரியாவிட்டாலும் சுரத்தைப் பிடித்துக்கொண்டான். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க வேண்டியவர் ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். அதோடு அவர் மனம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது, அதற்கப்புறம் குழம்புப் பாத்திரம் கர்ட்டிஸ் பக்கமே இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்பே மூன்று பையன்களும் மாட்டுக் கொட்டகை மாடிக்குப் போய்ப் பந்து தட்டிவிட்டு வந்திருந்தார்கள், சின்ன வயதில் அப்பா கேலனுக்கு அடித்துக்கொடுத்த வளையம் இன்னும் அங்கேயே இருக்கிறது. சாப்பிடும்போது கர்ட்டிஸ் கேலனைப் பார்த்து, மேலே இருக்கும்போது ஒரு ஓட்டையில் விழப் பார்த்தேன், யாரும் சொல்லவே இல்லையே என்றான். என்னிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'அம்மா' போட்டுத்தான் பேசினான், மரியாதைக்காரப் பிள்ளை. அங்கேதான் மார்லிஸ், நான் வாயைத் திறந்தேன். அது கீழே மாட்டுத் தொட்டிக்கு வைக்கோல் தள்ளும் ஓட்டை, வளையத்துக்கு வலப்பக்கம், கேலன் ஒன்பது வயதில் பந்தைத் தட்டிக்கொண்டே போய் அதில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டான், மாட்டின் முதுகில் விழுந்ததால் பிழைத்தான், மாடு இரண்டு நாள் பால் கொடுக்கவில்லை என்று நீட்டி முழக்கிச் சொன்னேன். வெல்டா அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் அதோடு நிறுத்தினேனா, கர்ட்டிஸ் தட்டில் இன்னும் நான்கு வெரெனிகேயை வைத்துக்கொண்டே, "அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் இவன் வலப்பக்கம் போனதே கிடையாதுப்பா" என்றேன். கர்ட்டிஸ் மெல்லுவதை நிறுத்தினான். "அப்படியாம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கேலன் என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், பன்னிரண்டு வருஷமாக எந்தப் பயிற்சியாளரும் கண்டுபிடிக்காததை அம்மா குழம்போடு சேர்த்துப் பரிமாறிவிட்டாள். அவனுக்கே அது அந்த நிமிஷம்தான் உறைத்தது என்று பிறகு சொன்னான், தான் இடப்பக்கமே போகிறோம் என்பது தெரியும், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லையாம். பசித்த எதிராளிக்குச் சோறு போட்டால் அவன் தலைமேல் நெருப்புத்தழல் குவியும் என்று வேதத்தில் இருக்கிறதே, குவிந்தது என்னவோ என் தலையில்தான்.

சனிக்கிழமை காலை பனி நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் டிராக்டரை வைத்துக் கல்லூரி வரைக்கும் வழி வெட்டினார்கள், நெடுஞ்சாலை மட்டும் மூடியே இருந்தது. விடியும்போது கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்டது, மாட்டுக் கொட்டில் கதவு மறுபடி தொங்கிவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு ரொட்டி மாவைப் பிசைந்தேன். சாயங்காலம் எல்லோரும் ஒரே வண்டியில் போனோம், கேலனும் கர்ட்டிஸும் பின்னால் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார்கள், கல்லூரி வாசலில் இறங்கி ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம்.

உள்ளரங்கத்தில் காலடி வைக்க இடமில்லை. வெளியூரிலிருந்து யாரும் வர வழியில்லாததால் லிண்ட்வால் பக்கம் உட்கார ஆளே இல்லை, ஆகவே விருந்து வைத்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள், தம் வீட்டுப் பையன் பந்து போட்டால் கை தட்ட யாராவது வேண்டாமா என்று. நம் பயிற்சியாளர் ரெஜியர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். சண்டைக்குப் போகாத ஜனங்கள் என்று நம்மைச் சொல்வார்கள் அல்லவா, பந்தாட்டத்தில் கூடவா இப்படி என்று அவர் போதகரிடம் கேட்டாராம், போதகர் எல்லாவற்றிலும்தான் என்று சொன்னாராம்.

முதல் பாதியைப் பற்றி எழுதவே கை வரவில்லை. கேலன் பந்தை வாங்கினான், இடப்பக்கம் திரும்பினான், அங்கே கர்ட்டிஸ் நின்றான். மறுபடி வாங்கினான், மறுபடி அங்கேயே கர்ட்டிஸ். வலப்பக்கத்தைக் கதவு திறந்துவைத்ததுபோல் அப்படியே விட்டுவிட்டு இடப்பக்கத்தில் மட்டும் சுவராக நின்றான். நம் பையனுக்கு அந்தத் திறந்த பக்கம் கண்ணுக்கே தெரியவில்லை, ஒரு அடி எடுத்துவைப்பான், காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வான், பந்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவான். நம் சபைப் பெண்கள் ஆட்டத்தில் கத்துவதில்லை, தம் பிள்ளைக்காகக் கத்துவது பெருமை என்பார்கள், நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெல்டா அக்காவுக்கு அந்தக் கட்டுப்பாடு என்றைக்கு இருந்தது. "டேய் கேலன், வலப்பக்கம் வண்டியே போகலாம்டா, எதுக்குடா காத்திருக்கே" என்று எழுந்து நின்று கத்தினார். அவன் காதிலும் விழுந்தது, முகம் சிவந்துபோயிற்று, போகத்தான் இல்லை. ஆண்டர்ஸ் வேறு வளையத்துக்கு அடியில் வேரூன்றி நின்றுகொண்டு விழுகிற பந்தையெல்லாம் பறித்தான், எல்லாம் என் வெரெனிகேயின் பலம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி ஆட்டம் முடியும்போது லிண்ட்வால் பதினொரு புள்ளி முன்னால், கேலன் போட்டது மொத்தம் ஒரே ஒரு கூடை. இன்றைக்கே முடிகிறது, இன்றைக்கே அவன் பதில் சொல்வான், அதுவும் நானே கொண்டுவந்த வினை.

அப்போது உன் அப்பா எழுந்தார். அவர் ஆட்டத்தின்போது இடத்தை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை, இடைவேளையில் காப்பி வாங்கக்கூடப் போகமாட்டார். விதைக் கம்பெனித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படிப்படியாக இறங்கி, பையன்கள் உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன், இதோ வருகிறேன் எல்ஃபி என்றார். அங்கே நடந்ததைக் கேலன் பிறகு சொன்னான். பயிற்சியாளர் உள்ளே படம் போட்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தாராம், கதவு திறந்து அப்பா தலை மட்டும் தெரிந்ததாம், கேலன், ஒரு நிமிஷம் இங்கே வா என்று கூப்பிட்டாராம். ரெஜியர் தடுக்கவில்லை, தோற்றுக்கொண்டிருக்கிற மனிதர் எதைத் தடுப்பார். வெளியே வந்தவனிடம் அப்பா சொன்னது இவ்வளவுதான். "காலையில அந்த ஓட்டைக்குப் பலகை அடிச்சுட்டேன்டா. கனமான பலகை. மாடு ஏறி நின்னாலும் தாங்கும்." கேலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா, இது கல்லூரிக் களம், இங்கே ஓட்டை எங்கே இருக்கிறது என்றானாம். "எனக்குத் தெரியும். அதை உன் காலுக்குச் சொல்லு" என்றாராம். சொல்லிவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி தீர்ந்துவிட்டதாம் என்றார்.

விருந்துக்கு வந்த பிள்ளை மறுபடி மேலே போய் விழுந்துவிடக்கூடாது என்றுதான் அவர் விடியற்காலையில் பலகை அடித்திருக்கிறார், வேறு யோசனை ஒன்றும் அப்போது இல்லை. முதல் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அது தோன்றியிருக்கிறது.

இரண்டாம் பாதியில் முதல் தடவை பந்து வந்தபோது கேலன் வலப்பக்கம் போனான். போன மாதிரியா போனான், நடக்கப் பழகுகிற கன்று மாதிரி போய், பந்தைத் தட்ட மறந்து காலை வைத்தான், நடுவர் விசில் ஊதிப் பந்தை அவர்களிடம் கொடுத்துவிட்டார். சிலர் சிரித்தார்கள். அப்பா மட்டும் தலையை ஆட்டினார், சரியாக நடக்கிறது என்பதுபோல். அடுத்த தடவையும் வலப்பக்கம் போனான், இந்தத் தடவை பந்து கூடவே போயிற்று, யாருமே இல்லாத பாதையில் வளையம் வரைக்கும் போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல் மெதுவாகப் போட்டுவிட்டு வந்தான். அதற்கடுத்த தடவையும் அதேதான். கர்ட்டிஸ் தன் இடத்தை விட்டு நடுவுக்கு வந்தான், வந்ததும் இடப்பக்கம் திறந்துவிட்டது, திறந்ததும் நம் பையன் தன் மூலைக்குப் போய் அந்தப் புதுக் கோட்டுக்கு வெளியே நின்று மூன்று, மறுபடி மூன்று. நான் சபைப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், ஒரு கட்டத்தில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. ரெஜியர் தம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார், அது போய்ப் போதகர் மடியில் விழுந்தது.

கடைசி நிமிஷத்தில் லிண்ட்வால் ஒரு புள்ளி முன்னால். கேலன் பந்தோடு வலப்பக்கம் இறங்கினான், கர்ட்டிஸ் பக்கத்திலேயே ஓடிவந்தான், இருவரும் ஒன்றாக மோதிக் கீழே விழுந்தார்கள், ஃபவுல் கர்ட்டிஸ் மேல். நம் பையனுக்கு யாரும் மறிக்காமல் போட இரண்டு ஃப்ரீ த்ரோ. கர்ட்டிஸ் முதலில் எழுந்து இவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டுக் கேட்டானாம், "யாருடா அந்த ஓட்டைய மூடுனது?" கேலன், "எங்கப்பாடா" என்றானாம். கர்ட்டிஸ் அங்கேயிருந்து மேல் வரிசையைத் தேடினான். உன் அப்பா தொப்பியைக் கழற்றி அவனுக்கு வணக்கம் வைத்தார். அவர் ஏன் தொப்பியைக் கழற்றுகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது, தேசிய கீதமா போடுகிறார்கள் என்று பார்த்தேன். முதல் பந்து வளையத்தைச் சுற்றிவந்து விழுந்தது. இரண்டாவது நேராக விழுந்தது. அப்புறம் ஆண்டர்ஸ் போட்ட கடைசிப் பந்து வளையத்துப் பலகையில் பட்டு வெளியே போயிற்று, மணி அடித்துவிட்டது. எழுபத்தொன்று எழுபது. மார்லிஸ், நான் கத்தினேன். சபை மன்னிக்கட்டும், வெல்டா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, எல்ஃப்ரீடா, உனக்கும் தொண்டை இருக்கிறதா என்று கேட்கும் அளவுக்குக் கத்தினேன்.

நெடுஞ்சாலை திறக்கவில்லை அல்லவா, ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் மறுபடி அதே வீட்டுக்கு அதே வண்டியில் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டில் சூப்பைச் சுடவைத்து வைத்தேன், ஆண்டர்ஸ் மட்டும் துக்கத்தை மதிக்காமல் சாப்பிட்டான். கர்ட்டிஸுக்கும் அது கடைசி வருஷமாம், எனக்கு அதுவரை தெரியாது. அவன் அமைதியாக எழுந்து பாத்திரம் கழுவப் போனான், வேண்டாம்ப்பா என்றேன், கேட்கவில்லை. நான் துடைத்துக்கொண்டே, என்மேல் கோபமா என்று கேட்டேன். "நீங்கதானம்மா முதல் பாதியை எனக்குக் கொடுத்தீங்க, ரெண்டாம் பாதியை ஐயா எடுத்துக்கிட்டாரு. புருஷன் பெண்சாதிக்குள்ள நான் என்ன சொல்றது" என்றான். அப்போதுதான் வீடு சிரித்தது. அப்பா அவனைக் கொட்டகை மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்தப் பலகையைக் காட்டினார், இருவரும் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார்களாம். ஞாயிறு காலை ஆராதனையில் அவன் அப்பா பக்கத்தில் நின்று பாடினான். மத்தியானம் பேருந்து போயிற்று, ஆண்டர்ஸ் கையில் ஒரு பை ட்ஸ்விபாக் கொடுத்து அனுப்பினேன், லிண்ட்வால் எல்லை வரைக்கும் வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை விச்சிட்டாவில் மாவட்டப் போட்டி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பெரிய கல்லூரி, நம் பையன்களின் தலை அவர்கள் தோளுக்குத்தான் வந்தது, நன்றாக ஆடித் தோற்றார்கள். கேலன் இரண்டு பக்கமும் போனான், ஆனால் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அவன் களத்தின் நடுவில் நின்று காலணிக் கயிற்றை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தான், நான் மேலே உட்கார்ந்து என் கோட்டின் பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அணிப் பேருந்தில் வராமல் எங்களோடு வருகிறேன் என்று அனுமதி கேட்டு வந்தான். மூவரும் வண்டியின் முன்பக்கம், நடுவில் நான்.

நகரத்து விளக்கெல்லாம் தாண்டிய பிறகு அவனே பேச்சை எடுத்தான். அப்பா, சொன்னபடி பதில் சொல்கிறேன் என்றான். நீ கிறிஸ்துமஸ் கடிதத்தில் உங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, கணக்கு வாத்தியார் போய்விட்டார், வேறு ஆள் வரவில்லை, பையன்கள் பீப்பாய் வளையத்தை மரத்தில் கட்டிப் பந்து போடுகிறார்கள் என்று. நான் அதை ஊர்ச் செய்தியாகப் படித்தேன். அவன் அதை மடித்துத் தன் விதிப் புத்தகத்துக்குள் வைத்திருந்திருக்கிறான். கணக்கில் பட்டம் மே மாதம் கைக்கு வரும், இரண்டு வருஷம் அங்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறேன், அப்புறம் பண்ணைக்கு வருவேனா என்று இப்போது சத்தியம் செய்ய மாட்டேன், நம் ஜனங்கள் சத்தியம் செய்வதில்லை அல்லவா, ஆனால் வர மனமிருக்கிறது என்றான். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உன் அப்பா சாலையையே பார்த்து ஓட்டினார். நான் இருவர் நடுவிலும் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். ஊருக்குத் திரும்பும் சாலையில் வண்டியைத் திருப்பியபோது அப்பா கேட்டார், "அங்க என்ன விதைக்கிறாங்க?" கேலன், "சோளம்ப்பா. மழை வந்தா" என்றான். அப்பா தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். "சோளம்னா சரி" என்றார். அதுதான் அவர் ஆசீர்வாதம். வீட்டுக்கு வந்து இறங்கியதும் நான், அங்கே நெருப்புப்போல் வெயிலாமே, உனக்கு மெல்லிய சட்டையே இல்லையே என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஈஸ்டருக்கு அடுத்த வாரம், வெளிதேசத்துக்கு ஆள் அனுப்புகிற நம் சபைப் பணிக்குழு கூடுகிறது, அதற்குள் அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விசாரித்து எழுத வேண்டும். அவர்களுக்கு உண்மையிலேயே ஆள் வேண்டுமா, அல்லது உனக்குத் தம்பியைப் பார்க்க ஆசையா, இரண்டும் என்றால் இரண்டும் என்று எழுது. வேண்டாம் என்று பதில் வந்தால் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இருக்காது என்று எழுதினால் அது பொய், அதை நான் எழுத மாட்டேன். ஒரு பிள்ளையைக் கடல் தாண்டிக் கொடுத்தவளுக்கு அடுத்ததும் அதே திசையில் போகிறது என்றால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடும் என்று நீயே யோசித்துக்கொள். ஆனால் அம்மாவுக்காக ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுது. அவன் அங்கே வந்தால் இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் சாப்பிடுவீர்கள் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

மற்றபடி பழைய சிவப்புப் பசு ஈன்றது, கிடேரிக் கன்று. வெல்டா அக்கா இடுப்பு வலி பரவாயில்லை, கத்தியதில் சரியாகிவிட்டது என்கிறார். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மலேரியா மாத்திரையை ஞாயிறுதோறும் தவறாமல் போடு, வெளியே போனால் தலையில் தொப்பி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார், கேலனிடம் நீயே எழுது என்றால் வெட்கப்படுகிறான், உன் பதில் வந்த பிறகு எழுதுவானாம். கடிதம் உன் கைக்கு வரவும் பதில் என் கைக்கு வரவும் வாரக்கணக்கில் ஆகும், ஆகவே இதைப் படித்த அன்றே உட்கார்ந்து எழுதிவிடு மகளே.

பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
எல்ஃப்ரீடா ரெம்பெல்